பூ சொன்ன மலைவழி

என் மனைவிக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தது ஒரு கல்யாணப் பந்தியில். சொந்தக்காரர் வீடு என்பதால் நான் சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தேன். இலையின் இடது ஓரத்தில் வைத்த உப்பையும் ஊறுகாயையும் அவள் தொடவே இல்லை. பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்.

“ஏன் மதினி, உப்பு வேண்டாமா உங்களுக்கு? அண்ணனுக்குப் பிரசர்னா நீங்க ஏன் பத்தியம் இருக்கீங்க?”

“உப்பு எங்கன வச்சாவ?” என்று இவள் கேட்டாள். பந்தியே சிரித்தது. இவளும் சிரித்தாள். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். கண்ணின் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, ஓரப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது, மிச்சம் இருப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கத்தான் சொட்டு மருந்து என்றார் டாக்டர். எவ்வளவு காலம் என்று நான் கேட்டதற்கு, “மருந்தை விடாமப் போடுங்க” என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சாத்தூர் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்.

“ஏங்க, எனக்குப் பனிலிங்கத்தைப் பாக்கணும்.”

“ராமேஸ்வரம் போவோம்ட்டி. திருச்செந்தூர் போவோம்.”

“அதெல்லாம் பாத்தாச்சு. கண்ணை மூடினாலும் அந்த முகம் தெரியும். இது தெரியாதே.”

எங்கள் கடையில் தொங்கும் காலண்டரில் அமர்நாத் குகையில் பனி லிங்கமாக உறைந்து நிற்கிற படம் ஒன்று இருந்தது. நான் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு விற்கிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. இவள் நாகலாபுரம் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்து, விவரம் தெரிந்த நாளிலிருந்து பருத்தி எடுத்தவள், மிளகாய்ப்பழம் பொறுக்கினவள். குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்து நடந்தே கால் தேய்ந்தவள். அந்தப் படத்தை ஏன் அப்படிப் பார்க்கிறாய் என்று முன்பு ஒருதரம் கேட்டிருக்கிறேன். “தண்ணிக்கு அலைஞ்ச ஊர்ல பொறந்தவ நான். தண்ணியே எந்திரிச்சுச் சாமியா நிக்கிற எடத்தை ஒருதரம் பாக்கணும்” என்றாள். அன்றைக்கு அது பேச்சு. இன்றைக்கு வேறு மாதிரி இருந்தது.

பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் முடித்துவிட்டோம். போவது என்று முடிவு செய்தோம். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம் அது. எங்கள் ஊரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி வருஷா வருஷம் வடக்கே யாத்திரைக்கு ஆள் கூட்டிப்போவார். அவரிடம் போனோம். அவர் தரையில் ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்து, அதுதான் மலை என்று விளக்கினார்.

“தம்பி, போறதுக்கு ரெண்டு வழி இருக்கு. நான் கூட்டிட்டுப் போறது பால்தால் வழி. ஒரே நாள்ல ஏறி எறங்கிரலாம். ஆனா செங்குத்து. ஒத்தையடிப் பாதை மாதிரி இருக்கும், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம். இன்னொண்ணு பஹல்காம் வழி. அது சுத்து. நாள் கூட ஆகும், ராத்திரி கூடாரத்துல தங்கணும், உசரமான கணவாய் ஒண்ணைத் தாண்டணும், வழி நெடுகப் பனி கெடக்கும். ஆனா பாதை அகலம்.”

இவளுக்கு ஓரம் தெரியாது. குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நேரே மட்டும்தான் தெரியும். பாதாளம் இருக்கிற பக்கம் எது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. பால்தால் வழிக்கு எனக்குத் தைரியம் வரவில்லை. பஹல்காம் என்றால் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, பாஷை தெரியாத இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் தனியாகப் போகவேண்டும். அதை நினைத்தாலும் கலக்கமாக இருந்தது.

எங்கள் வீட்டில் முடிவெடுக்க முடியாத எதையும் அம்பாளிடம்தான் விடுவோம். பெண் கொடுப்பது, கிணறு வெட்டுவது, ஆபரேசன் செய்யலாமா வேண்டாமா எல்லாமே. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்து நூல் சுற்றி, அம்பாள் காலடியில் போட்டு, விஷயம் தெரியாத யாரையாவது விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. பால்தாலுக்கு வெள்ளை, பஹல்காமுக்குச் சிவப்பு என்று மனசில் நினைத்துக்கொண்டோம். கும்பிட வந்த யாரோ ஒரு அம்மா எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார். சிவப்பு அரளி.

அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. “ஏம்மா, நம்ம ஊர்ல ஒக்காந்திருக்கிற அம்பாளுக்குக் காஷ்மீர் ரூட்டு எப்படித் தெரியும்?” என்றார்.

“என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்கீங்க? அவ பொறந்த வீடே இமயமலைதானே. பொறந்த வீட்டுக்கு வழி தெரியாதாக்கும்?” என்றாள் இவள்.

அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஏறுவதற்கு அந்த வழி, இறங்குவது பால்தால் வழியாக, அவருடைய பஸ் அங்கே நிற்கும், வந்து சேர்ந்துகொள்ளவேண்டும் என்று ஏற்பாடானது. இறங்கும்போது இவளை டோலியில் வைத்துத் தூக்கிவரச் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். முக்கியமாக ஏறவேண்டும், பார்க்கவேண்டும். அப்புறம் எப்படி இறங்கினால் என்ன?

ரயில் பயணத்தைச் சொல்லி நீட்டவில்லை. ஜம்முவில் இறங்கி, பட்டாளத்து வண்டிகள் முன்னும் பின்னும் வர பஸ்ஸில் போனோம். வழி பிரிகிற இடத்தில் அண்ணாச்சி எங்களை வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அதில் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு கூட்டம் இருந்தது. இவள் பிறந்த ஊரில் தெலுங்கு பேசுகிற வீடுகள் நிறைய. கொஞ்ச நேரத்தில் இவள் அவர்களோடு வீட்டுக் கதை பேச ஆரம்பித்துவிட்டாள். எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது.

மலை ஏறத் தொடங்குகிற இடத்துக்குச் சந்தன்வாடி என்று பெயர். அங்கே தடி, பிளாஸ்டிக் கோட்டு, கம்பளித் தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் கடை போட்டு விற்கிறார்கள். இவளுக்கு மட்டும் குதிரை பிடித்தேன்; குதிரைக்காரர் அந்த ஊர்க்காரர், தாடி வைத்த வயசாளி. அவர் இவளுடைய கண்ணைக் காட்டி, கண்ணாடிக் கடையைக் காட்டி, மேலே வெள்ளையாகத் தெரிந்த மலையைக் காட்டி என்னவோ சொன்னார். வாங்கிப் போட்டுக்கொள் என்கிறார் என்பது எங்களுக்கு நன்றாகவே புரிந்தது.

“ஒண்ணு வாங்கிக்கிடுவோமா?” என்றேன்.

“எதுக்கு? கோவில்பட்டி வெயிலைப் பாத்த கண்ணுங்க இது. இங்க வெயில் நெலா மாதிரி காயுது. இதுக்குப் போய்க் கண்ணாடியா?”

“அவர் சொல்லுதாரே.”

“கறுப்புக் கண்ணாடியை நம்மூர்ல யாரு போடுவா? கண்ணு ஆபரேசன் பண்ணினவிய போடுவாவ. நான் போடமாட்டேன்.” குரலைத் தாழ்த்தி, “இருக்கிற வெளிச்சமே கொஞ்சம். அதையும் நானே மறைச்சுக்கிடவா?” என்றாள்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சித்திரை வெயிலில் தொப்பி இல்லாமல் புண்ணாக்கு மூட்டை இறக்குகிறவன் நான். குளிரில் உடம்புக்கு இதமாக இருக்கிற வெயில் கண்ணைச் சுடும் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். ஆந்திராக்காரர்கள் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். சினிமா எடுக்க வந்த ஆட்கள் மாதிரி இருக்கிறார்கள் என்று இவள் அவர்களிடமே தெலுங்கில் சொல்லிச் சிரித்தாள்.

முதல் நாள் ஏற்றம் கடுமை. குதிரையின் பிடரிமயிரைப் பிடித்துக்கொண்டு சிவ சிவ என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். சாயங்காலம் சேஷநாக் என்கிற ஏரிக்கரைக்கு வந்தோம். பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். அதற்கு மேலே மூன்று பக்கமும் மலை, மலையின் இடுக்கில் பனி ஆறு மாதிரி இறங்கி அப்படியே உறைந்து நிற்கிறது. வெள்ளை வெளேர் என்று இருக்கும் என்று நினைத்திருந்தோம். பக்கத்தில் பார்த்தால் மண்ணும் கல்லும் கலந்து அழுக்காக, பாளம் பாளமாக வெடித்திருந்தது.

“கோடையில நம்ம கரிசல் வெடிச்சுக் கெடக்குமே, அதே மாதிரில்லா இருக்கு” என்றாள். “இங்கயும் பூமி இப்படித்தான் வாயைப் பொளக்குமா?”

அன்றைக்கு ராத்திரி மழை பெய்தது. கூடாரத்தில் ஈரக் கம்பளிக்குள் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு கிடந்தோம். விடிந்து பார்த்தால் மேலே அது மழையாக இல்லை, எல்லாம் புதுப் பனியாக விழுந்திருக்கிறது. வானம் துடைத்துவிட்ட மாதிரி. சூரியன் ஏறிவிட்டது.

அந்த நாளைத்தான் நான் மறக்கமுடியாமல் இருக்கிறேன். கணவாய்க்கு ஏறும் வழி முழுக்க வெள்ளை. தரை வெள்ளை, பக்கத்து மலை வெள்ளை. எங்கள் ஊரில் எவ்வளவு வெயில் அடித்தாலும் அந்தக் கறுத்த மண் குடித்துவிடும். இங்கே மண் குடிக்கவில்லை. மேலிருந்து விழுந்ததெல்லாம் கீழிருந்து திரும்ப முகத்தில் அடித்தது. நான் துண்டைத் தலையில் போட்டு, முகத்தில் இழுத்துவிட்டு, குதிரையின் காலையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அது மூச்சு வாங்கினதால் செய்தது, விவரம் தெரிந்து செய்ததில்லை. இவள் குதிரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணைச் சிமிட்டக்கூட இல்லாமல் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“ஏங்க, எல்லாம் தெரியுதுங்க.”

“என்ன தெரியுது?”

“ஓரம் தெரியுத மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் வெள்ளையா, அந்தப் பக்கமும் வெள்ளையா. நெசமாத்தான் சொல்லுதேன். அம்பாள் இந்த வழியை எதுக்குச் சொன்னான்னு இப்பத் தெரியுது.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கு பார்த்தாலும் ஒரே வெள்ளையாக இருந்தால், ஓரம் தெரிகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும் என்பதெல்லாம் பின்னால் தோன்றியது. அந்த நேரத்தில் நான் முட்டி போட்டு, அந்தப் பனியிலேயே கும்பிட்டேன். குதிரைக்காரர் மறுபடியும் தன் கண்ணைக் கையால் பொத்திக் காட்டினார். இவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

பஞ்சதரணி என்கிற கடைசித் தங்கலுக்கு வெயில் சாயும்போது சேர்ந்தோம். அங்கே ஐந்து ஓடைகள் கல்லுக்குள் ஓடுகின்றன. அங்கிருந்து குகை பக்கம்தான். அன்னதானக் கூடாரத்தில் பூரி வாங்கிக்கொண்டு வந்தேன். இவள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

“மண்ணு விழுந்த மாதிரி உறுத்துதுங்க.”

“காத்துல தூசி பட்டிருக்கும்.”

“தூசி இல்லை. மிளகாய் வத்தல் கையால கண்ணைத் தொட்ட மாதிரி இருக்கு.”

சொட்டு மருந்து விட்டேன். எரிச்சல் கூடியது. விடியற்காலம் அவளால் இமையைப் பிரிக்க முடியவில்லை. இரண்டு கண்ணும் பழுத்த மாதிரி வீங்கி, நீராகக் கொட்டியது. ஆந்திராக்காரர் ஒருவர் கூட வந்து, முகாம் டாக்டரிடம் பேசினார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்க்க இமையைத் தூக்கியபோது இவள் அலறினாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படி அலறி நான் கேட்டதில்லை.

பனியின் வெளிச்சம் கண்ணைச் சுட்டுவிட்டது, பழைய வியாதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கட்டுப் போட்டு மூடி வைத்தால் இரண்டொரு நாளில் தானாகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதாக ஆந்திராக்காரர் தெலுங்கில் இவளுக்குச் சொன்னார். இவள் எனக்குச் சொன்னாள். சொல்லி முடித்ததும், “அப்ப ரெண்டு நாள் இங்கனயே இருப்போம். சரியானதும் போய்ப் பாப்போம்” என்றாள்.

இருக்க முடியவில்லை. மேகம் திரண்டுவிட்டது, கனமழை வருகிறது, கூடாரங்களைக் காலி செய்து எல்லாரும் நடக்கவேண்டும் என்று பட்டாளத்துக்காரர்கள் வந்து சொல்லிவிட்டார்கள். குதிரைக்காரரும் வானத்தைக் காட்டித் தலையை ஆட்டினார். ஒன்று இப்போதே குகைக்குப் போய் அப்படியே பால்தாலுக்கு இறங்கவேண்டும். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பவேண்டும்.

“போவோம்” என்றாள். “சாமிக்கு முன்னால போய் நின்னா ஒரு நிமிசமாவது தெறக்காதா?”

கண்ணில் வெள்ளைக் கட்டோடு அவளைக் குகைப் படியில் ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு கையை என் தோளில் போட்டிருந்தாள். படிக்குப் படி “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டாள். சுற்றிலும் கோஷம், மணி, ஈரக்காற்று. குகைக்குள் நுழைந்ததும் தலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அவள் முகத்தை மேலே தூக்கி அதை வாங்கிக்கொண்டாள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் லிங்கம் நின்றது.

“நேரா நிக்கேனா?”

“நேராத்தான் நிக்க.”

கட்டை மேலே தள்ளினாள். இமையை இரண்டு விரலால் பிடித்துப் பிளந்தாள். உடனே முகத்தைச் சுளித்து, பல்லைக் கடித்து, மறுபடி பிளந்தாள். நீர் கன்னத்தில் வழிந்து ஓடியது. பின்னால் நின்ற காவல்காரர் “சலோ, சலோ” என்று தள்ளினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் கெஞ்சினேன். ஒரு நொடி விட்டார். அவ்வளவுதான். பின்னால் வந்த கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

வெளியே படியில் உட்காரவைத்துக் கேட்டேன். “தெரிஞ்சுதா?”

கட்டை இறக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, “வெள்ளையா இருந்துது. அது சாமியா, வலியான்னு எனக்குத் தெரியலைங்க” என்றாள்.

டோலி பிடித்தேன். எந்த ஒத்தையடிப் பாதைக்குப் பயந்து அம்பாளிடம் பூப்போட்டோமோ, அதே பாதையில் கண்ணைக் கட்டிய அவளை நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மழை பிடித்துக்கொண்டது. அவளுக்குப் பாதாளம் தெரியவில்லை, பயமும் இல்லை. பின்னால் நடந்த எனக்குத்தான் எல்லாம் தெரிந்தது. கீழே அண்ணாச்சி குடையோடு நின்றார். கட்டைப் பார்த்ததும், “என்னாச்சு தங்கச்சி?” என்று ஓடிவந்தார். எங்கள் கூட்டத்தில் மற்றவர்கள் எல்லாரும் முந்தின நாளே நல்லபடியாக ஏறி, பார்த்து, இறங்கி, காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். “பாத்தியளா, பாத்தியளா, என்ன அழகு” என்று ஒரு அம்மா சொல்ல ஆரம்பித்தாள். அண்ணாச்சி அவளைக் கையமர்த்தினார். பூவைப்பற்றி அவர் அன்றைக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பின்னாலும் சொன்னதில்லை.

டாக்டர் சொன்னபடியே கண் சரியாகிவிட்டது. டில்லி வருவதற்குள் கட்டை அவிழ்த்துவிட்டாள். ரயில் ஜன்னல் வழியாக நெல் வயலையும் எருமைகளையும் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அதுதான் தாங்கமுடியவில்லை.

அடுத்த வருஷம் போகலாம் என்றேன். அடுத்த வருஷத்துக்குள் பார்வை பாதியாகிவிட்டது. அதற்கடுத்த பொங்கலுக்குக் கோலப்பொடி கையில் இருக்க, வாசலில் வெகு நேரம் குனிந்து நின்றுவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

அம்பாளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. யோசித்துப் பார்த்தால், எந்த வழியில் போவது என்றுதான் கேட்டோம். போனால் பார்ப்போமா என்று கேட்கவில்லை. கேட்காததற்கு அவள் எப்படிப் பதில் சொல்லுவாள்? இதை நான் இவளிடம் சொன்னபோது, “அவளை விடுங்க. நீங்க பாத்ததைச் சொல்லுங்க” என்றாள்.

சொல்லத்தான் செய்தேன். ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது, அடி பருத்து மேலே ஒடுங்கியிருந்தது, பால் மாதிரி வெள்ளை, உள்ளே லேசாக நீலம். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. ஆரம்பத்தில் தினமும் கேட்பாள். சமைக்கும்போது கேட்பாள், நான் கடை அடைத்து வந்து கால் கழுவும்போது கேட்பாள். நானும் அதையே சொல்வேன். “பால்னா காய்ச்சின பாலா, பச்சைப் பாலா?” என்பாள். யோசித்து, காய்ச்சின பால் என்பேன். மறுநாள் பச்சைப் பால் என்று வாயில் வந்துவிடும். “நேத்துக் காய்ச்சின பாலுன்னீங்களே” என்பாள். கோபமாக இல்லை. எனக்குத்தான் கூனிக் குறுகிப் போகும். சொல்லச் சொல்ல நான் பார்த்ததும் எனக்குத் தேய்ந்துகொண்டே வந்தது. இப்போது கண்ணை மூடினால் லிங்கம் சரியாக வருவதில்லை. இமையைப் பிளக்கும் அவள் விரல்தான் வருகிறது.

கேட்பதை அவளே நிறுத்திவிட்டாள். என்றைக்கு நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது.

போன ஆடியில் கடம்பூரிலிருந்து இவளுடைய தூரத்து உறவில் ஒரு பெண் வந்திருந்தாள். பனிமலை யாத்திரை போய்வந்தவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் குனிந்து இரண்டு பாதத்தையும் தொட்டு, “சித்தி, நீங்க பனிலிங்கத்தைப் பாத்தவியல்லா” என்றாள்.

இவள் காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“நான் போயிட்டுத்தான் வந்தேன் தாயி. பாத்தது அவிய. அவியளக் கும்பிடு” என்று, நான் நிற்காத பக்கமாகக் கையைக் காட்டினாள்.